விரியாதே என்று தடை போட்ட ஊர்

சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று மார்தட்டிய வெள்ளைக்காரனுக்கு, அந்தச் சூரியன் எவ்வளவு பெரிய தலைவலி என்பது தண்டவாளம் போட்டபோதுதான் உறைத்திருக்கும். 1903ல் சிங்கப்பூருக்கு ரயில் வந்தது. டேங்க் ரோட்டில் ஏறினால் புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ். அதற்கு மேல் பாலம் கிடையாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு படகேறி ஜோகூர் போய்ச் சேரவேண்டியது பயணியின் பாடு.

போகிற வழியில் அந்த ரயில் சுவா சூ காங் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. வில்லங்கமும் கூடவே போனது.

எஃகுக்கு ஒரு குணம். ஒரு டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். பிசாத்து அளவுதான். ஆனால் விடியலில் 25 டிகிரியில் சாதுவாகப் படுத்திருக்கும் தண்டவாளம் மத்தியான வெயிலில் 55ஐத் தொடும். அப்போது கிலோமீட்டருக்கு ஒன்றரைச் சாண் கூடுதல் இரும்பு முளைத்துவிடும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது என்றால் பக்கவாட்டில் நெளியும். நெளிந்த தண்டவாளத்தில் ரயில் ஓடாது, உருளும்.

துரைமார் கண்ட வழி, விட்டுக்கொடுப்பது. நாட்டை அல்ல, நாலைந்து மில்லிமீட்டரை. துண்டு துண்டாகத் தண்டவாளம், துண்டுக்குத் துண்டு சிறு இடைவெளி. இரண்டு முனைகளையும் பிஷ் பிளேட் என்ற இணைப்புத் தகடு வைத்து முடுக்குவார்கள். ஆனால் போல்ட்டைவிட ஓட்டை கொஞ்சம் பெரிது, உள்ளே கிரீஸ். இரும்பு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடைவெளி கூடினால் சக்கரம் இடிக்கும், குறைந்தால் தடம் நெளியும். கணக்குப் போட்டவர் நிழலில் இருந்திருப்பார். வெயிலில் ஸ்பேனர் பிடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம்மாட்கள். தடக் தடக் என்று ரயில் போட்ட தாளத்தில் பாதி அவர்கள் விட்ட இடைவெளிதான்.

1918ல் இந்த ரயில்பாதை நிலம் 999 வருடக் குத்தகைக்கு மலாய் மாநிலங்களின் கைக்குப் போனது. அதனால் சிங்கப்பூர் தனிநாடான பிறகும் சுவா சூ காங் ரோட்டில் கேட் போட்டு, சிங்கப்பூர் கார்களை வரிசையாக நிற்கவைத்து, மலேசிய ரயில் மாப்பிள்ளை முறுக்கோடு கடந்துபோனது.

1990 மார்ச் 10ஆம் தேதி சுவா சூ காங்கிற்கு எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் வந்தது. இதில் தடக் தடக் கிடையாது. துண்டுகளைப் பற்றவைத்து ஒரே நீளமாக்கி, கிளிப் போட்டு இறுக்கிவிட்டார்கள். சூடேறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகக் கூடாது, அதுதான் உத்தரவு. சுவிங்கம் விற்காதே, குப்பை போடாதே வரிசையில், தண்டவாளமே விரியாதே. இறுக்கும்போதே நடுத்தரச் சூட்டுக்குச் சரிசெய்துவிடுவார்கள். வெயிலில் அது நீளத் துடிக்கும், கிளிப் விடாது. கனத்த தண்டவாளம் ஒன்று டிகிரிக்கு ஏறக்குறைய 2 டன் வீதம் உள்ளுக்குள் நெருக்கிக்கொண்டு, வெளியே முகம் சுளிக்காமல் கிடக்கும். நல்ல குடிமகன்.

அதே 1990 நவம்பரில் பழைய ரயில் நிலத்தைப் பற்றி இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. அதற்கு என்ன அர்த்தம் என்று 20 வருடம் வாதாடின. பிஷ் பிளேட்டும் இல்லை, கிரீஸும் இல்லை, சூடு மட்டும் ஏறியது. கடைசியில் உடன்பாடு ஏற்பட்டு, 2011 ஜூன் 30 இரவு ஜோகூர் சுல்தானே இன்ஜினில் ஏறி, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். தண்டவாளங்களையும் பிடுங்கி மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். சீர் வரிசையில் குறை வைக்கவில்லை.

விரியாதே என்றால் இரும்பு கேட்டது. சுருங்காதே என்று தரையிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. 2018 ஜனவரியில் வெப்பநிலை 22 டிகிரிக்கும் கீழே இறங்கியது. சிங்கப்பூரே ஸ்வெட்டர் தேடிய அந்த வாரத்தில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தரை ஓடுகள் படபடவென்று வெடித்துக் கிளம்பின. கான்கிரீட் ஒரு கணக்கில் சுருங்க, மேலே ஒட்டிய ஓடு வேறு கணக்கில் சுருங்க, பிடிமானம் தளர்ந்த இடத்தில் நடுக்கூடத்திலேயே கூரை வேய்ந்த மாதிரி இரண்டு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. புகார் வாங்கிய வீவக, திடீர்க் குளிரும் ஒரு காரணம் என்றது.