இந்தாங்க

கார்த்திகை மழையில் என் ஸ்கூட்டருக்கு அடியில் ஒண்டியிருந்த நாய்க்குட்டியை மகன் வீட்டுக்குள் தூக்கி வந்தபோது, "மழை விட்டதும் விட்டுரணும்" என்று கறாராகச் சொன்னேன். மழை இரண்டு நாளில் விட்டது. அதற்குள் நாய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த பிறகு எதை வீட்டை விட்டு அனுப்ப முடிகிறது?

பெயரில்தான் வம்பே தொடங்கியது. கன்னங்கரேலென்று இருந்ததால் முதலில் கருப்பன் என்றார்கள். கருப்பசாமி எங்கள் குலதெய்வம். "சாமி பேர வச்சுட்டு, நடுக்கூடத்துல ஒண்ணுக்கு இருந்தா எப்படிடா வையுறது?" என்றாள் அம்மா. நியாயம்தான். உடனே மகன், "அப்ப மணி" என்றான். மதுரையில் தெருவுக்கு ஒரு நாய் மணி உண்டு, யாரும் யோசிக்கவில்லை. அம்மா மட்டும் சுவரில் இருந்த அப்பாவின் படத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அப்பாவையும் ஊரில் மணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அம்மா அந்தக் காலத்து மனுஷி. ஒருநாளும் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைக் கைகாட்டி, "இவன் சொல்லுவான்" என்பாள். "மணி என்ன?" என்றுகூடக் கேட்க மாட்டாள், "நேரம் என்ன?" என்பாள். அப்பாவைக் கூப்பிடுவது ஒரே விதம்தான்: "இந்தாங்க." இப்போது நாயையும் அப்படியே கூப்பிட்டாள்.

"அப்பத்தா, நாய்க்கு எதுக்கு மரியாதை?" என்றான் மகன்.

"நாய்க்கு இல்லடா, பேருக்கு."

கால்நடை மருத்துவர் குட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும் என்றார். எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் அடக்கிக்கொள்ளுமாம். அதாவது மூன்று மணி நேரம். அதுபோக, தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும். ஆனால் தெருவில் விடக் கூடாது. பார்வோ வைரஸ் தொற்றினால் குட்டி பிழைப்பது கஷ்டம், தடுப்பூசித் தவணைகள் முடியட்டும் என்றார். ஆக, மொட்டை மாடிதான் கதி. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கைலியோடு மாடியில் நின்று, "இருடா ராஜா, இரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்த என் முகத்தில் எதிர்வீட்டுக்காரர் டார்ச் அடித்தார்.

அது மாடியில் நட்சத்திரம் பார்த்துவிட்டு, கூடத்துக்கு வந்து காரியத்தை முடிக்கும். ஃபினாயில் ஊற்றித் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் வாசம் போகிறது. அதன் மூக்குக்குப் பழைய முகவரி அப்படியே இருக்கிறது. நடந்து முடிந்த பிறகு திட்டினால் எதற்கென்று அதற்குப் புரியாதாம். இந்தச் சலுகை என் சின்ன வயதில் எனக்குக் கிடைத்ததில்லை.

சாப்பாட்டில் இன்னொரு திருப்பம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கே அதற்குத் தனிச் சமையல். வயிற்றுப்புண்ணுக்காகக் காரத்தைக் குறைக்கச் சொல்லிப் பன்னிரண்டு வருஷமாக மனுக் கொடுத்துவருகிறேன்.

நான்காம் மாதத்தில் பால்பல் விழத் தொடங்கியதும் செருப்பு தின்றது. அதிலும் இடது கால் செருப்பு மட்டும். நாய்க்கு மொத்தம் 42 பல் முளைக்குமாம். நான் கணக்கை நான்கு ஜோடியோடு நிறுத்திவிட்டேன்.

வருகிறவர்கள் மேல் தாவுவதுதான் பெரிய தலைவலி. அதட்டுவதும் தள்ளுவதும் அதற்கு விளையாட்டு. தாவினால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் நில்லுங்கள், நான்கு காலும் தரையில் பட்டதும் கொஞ்சுங்கள் என்றார் மருத்துவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுவிட்ட மாமா, மகள் கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்றார். நாய் தாவியது. நான், மனைவி, மகன் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். "வாங்க" என்று ஒரு சொல் இல்லை. பின்னால் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் திண்ணையில் பத்திரிகை, மாமாவைக் காணோம். கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுத்தான் வந்தோம். பந்தியில் அவர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் நான்கு காலும் தரையில் படட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ.

இதற்கிடையே பயிற்சி. வீட்டில் ஒருவருக்கொருவர் இங்கிலீஷில் பேசாத குடும்பம், நாயைக் கண்டால் மட்டும் ஏனோ லண்டனுக்குக் குடிபோய்விடுகிறது. மகன் "சிட்" என்பான். மனைவி "சிட் டவுன்டா தங்கம்" என்பாள். நான் "உக்காரு, உக்காருன்னு சொல்றேன்ல, கேக்குதா இல்லையா" என்பேன். ஒரு செயலுக்கு ஒரே சொல், அதையே எல்லாரும் சொல்ல வேண்டும், செய்த மறுநொடியே தின்பண்டம் கொடுக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் மூன்று பேரும் மூன்று பாடத்திட்டம் நடத்தினோம். நாய் எதிலும் தேறவில்லை. மணி என்று கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது.

அம்மா "இந்தாங்க" என்றால் மட்டும் மாடியிலிருந்து பாய்ந்து வந்தது.

ரஷ்யாவில் பாவ்லோவ் என்பவர், சோற்றுக்கு முன்னால் ஒரு சத்தத்தைக் கேட்க வைத்துக் கேட்க வைத்து, பிறகு வெறும் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறச் செய்தார். (1904-இல் அவருக்கு நோபல் கிடைத்தது இதற்கல்ல, செரிமான ஆராய்ச்சிக்கு.) அம்மாவுக்கு பாவ்லோவைத் தெரியாது. ஆனால் "இந்தாங்க" என்றால் இங்கே பாருங்கள் என்றும் பொருள், பிடியுங்கள் என்றும் பொருள். அம்மா இரண்டையும் சேர்த்தே செய்தாள். கூப்பிடும்போதெல்லாம் கையில் ஒரு கவளம் தயிர்சாதமோ ரொட்டித்துண்டோ இருக்கும். வந்து உட்கார்ந்தால்தான் கொடுப்பாள், குனிய முடியாத இடுப்புவலியால். அது உட்காரக் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

இப்போது வீட்டில் எல்லாரும் அதை "இந்தாங்க" என்றே கூப்பிடுகிறோம். ஒரே ஒரு சிக்கல். காலையில் அடுப்படியிலிருந்து மனைவி, "இந்தாங்க, காபி!" என்றாள். நான் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து போவதற்குள், அது போய் அவள் காலடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"ஒரே கூப்பாட்டுல வருது பாருங்க" என்றாள், டபராவை என்னிடம் நீட்டாமலே.