சுருட்டுக்குப் பெட்டி இல்லை

சிகரெட் நசியாமல் இருக்க அமெரிக்காவில் பெட்டிக்குள் ஒரு மட்டை வைத்தார்கள். சும்மா வைப்பானேன் என்று அதில் பேஸ்போல் வீரர்களின் படத்தை அச்சடித்தார்கள். 1909இல் தொடங்கிய ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னரின் மட்டை ஒன்று 2022இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனது. மிஞ்சியிருப்பது 60 அளவில்தானாம். பிள்ளைகள் புகையிலைக்குப் பழகிவிடுவார்கள் என்று வாக்னர் மறித்தாராம். காசு காணாதென்று கோபித்தார் என்று இன்னொரு கதை. மனிசன் தானே புகையிலை சப்பினவர். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

உருத்திரபுரம் எட்டாம் வாய்க்காலில் எங்களுக்குப் படம் வேண்டாம், வெறும் பெட்டியே காசு. பெட்டியின் முகத்தைக் கிழித்து, வட்டத்துக்குள் அடுக்கி, ஓட்டுத்துண்டால் அடித்து வெளியே தள்ளவேணும். திறீ றோசஸ் 10, பிறிஸ்டல் 20, கோல்ட் லீஃப் 50. 555 என்றால் 500. கொழும்பிலிருந்து யாராவது கலியாணத்துக்கு வந்தால்தான் உண்டு.

வில்லங்கம் என்னவென்றால், ஐயா ஊதியது சுருட்டு. வயல்காரர் எல்லாருமே சுருட்டு. சுருட்டுக்கு ஏது பெட்டி? பிறிஸ்டல் பத்துகிற ஒரேயொரு மாமா கந்தோரில் வேலை. அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் நாங்கள் ஐந்தாறு பேர் ஓடுவோம்.

"மாமா, இன்னும் எத்தினை கிடக்கு?"

"மூண்டடா."

"கெதியாப் பத்துங்கோவன்!"

அவருடைய நெஞ்சுக்கு இரங்க எங்களுக்குள் ஒரு வாக்னரும் இருக்கவில்லை.

1990இல் சண்டை மூண்டது. பற்றரி, சீமெந்து, யூரியா, பெற்றோல் எல்லாம் தடை. வந்து சேர்ந்த சாமான் யானை விலை, குதிரை விலை. மாமா பீடிக்கு இறங்கினார். எங்கள் நாணயம் அன்றோடு சரி. புதுப்பெட்டி வரத்து நின்றதால் பழைய 555க்கு மதிப்பு எகிறியது.

1996 இடப்பெயர்வில் அம்மா நெல்மூட்டை கட்ட, நான் மட்டைகளை அங்கர் பேணியில் போட்டு மாட்டுக்கொட்டில் மூலையில் தாட்டேன். அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு பேஸ்போல் மட்டைகள் விலைப்படாமல் கிடக்க, 1960இல் டொப்ஸ் கம்பனி அவற்றை அத்திலாந்திக்கில் கொட்டியதாம். தப்பிய மிக்கி மான்டில் ஒன்று பிறகு 126 லட்சம் டொலர். கொட்டினவனுக்கே அப்படியென்றால், தாட்டவனுக்கு?

அக்கராயன், மல்லாவி என்று அலைந்து 2002இல் திரும்பி வந்து தோண்டினேன். பேணி துருப்பிடித்து ஓட்டை; உள்ளே கறையான் மண். ஊதிப் பார்க்க, 555இல் ஒரு 5 மட்டும் கிடந்தது.

பாதிப் பங்குக்காரன் தம்பி எட்டிப் பார்த்தான்.

"அப்ப எனக்கு இரண்டரையோ, அண்ணை?"