கிழிந்த மூலை: பூங்காக் குப்பையியலுக்கு ஓர் அறிமுகம்

எல்லாத் துறைக்கும் ஒரு முன்னோடி உண்டு, குப்பைக்கும் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜே, 1973இல் டூசான் நகர வீடுகளின் குப்பையைக் கொட்டிக் கிளறி எண்ணத் தொடங்கினார். எவ்வளவு பீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது வீட்டார் சொன்ன கணக்கும், தொட்டியில் கிடந்த காலி டப்பாக்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. வாய் பொய் சொல்லும், குப்பை சொல்லாது என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது. ஆனால் ராத்ஜே ஆராய்ந்தது தொட்டிக்குள் போன குப்பையை. தொட்டிக்கு இரண்டடி தள்ளி விழுந்த குப்பை இன்றுவரை அனாதையாகவே கிடக்கிறது. சென்னைப் பூங்காக்களில் ஞாயிறு காலை கையுறையும் சாக்குமாகக் குனிந்து நிமிரும் தன்னார்வலர்களே அதன் ஆய்வாளர்கள்.

புதிதாக வருகிறவர் பெரிய உருப்படியாகத் தேடுவார்: தண்ணீர் பாட்டில், பிரியாணி டப்பா, சிப்ஸ் பாக்கெட். சாக்கு மளமளவென்று நிரம்பும். போட்டோவுக்கும் எடுப்பாக இருக்கும். வாரங்கள் போகப் போகப் பார்வை கூர்மையாகி, கடைசியில் ஒரே ஒரு பொருளில் வந்து நிலைகுத்தும். அதுதான் பாக்கெட்டின் கிழிந்த மூலை.

நகத்தளவு முக்கோணம். உள்பக்கம் வெள்ளி, வெளிப்பக்கம் சிவப்போ மஞ்சளோ. பல்லால் கடித்து இழுத்ததால் ஓரம் சற்று நீண்டு நெளிந்திருக்கும். பிளாஸ்டிக் படலத்தில் உலோகப் பூச்சு என்பதால் மண்ணுக்கும் இதில் அக்கறையில்லை, பழைய சாமான்காரருக்கும் இல்லை. இடுக்கி இதைப் பிடிக்காது. காலைப் பனியில் புல்லோடு ஒட்டிக்கொண்டால் விரலுக்கும் வராது. இதற்கான செய்முறையைச் சொன்னவர் பூங்காவைப் பெருக்கும் அக்கா ஒருவர்: "ஈரத்துல நோண்டாதீங்க சார், வெயில் ஏறட்டும். காஞ்சா தானா விட்டுரும்." எந்த ஆய்விதழிலும் இந்த அளவுக்குச் சுருக்கமான முடிவுரை கிடைக்காது.

பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து, சில்லறைக் காசுக்கு விற்கும் வித்தையில் கடலூர் சின்னி கிருஷ்ணன் ஒரு முன்னோடி என்பதால், இந்த முக்கோணத்தின் பூர்வீகத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. முழு பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது நல்ல காரியம்தான். உறைக்கு மூலை இருக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

மூலையின் சிறப்பு வேறு. அதைக் கீழே விட்டவர் பெரும்பாலும் யோக்கியர். முறுக்கைத் தின்றுவிட்டுப் பாக்கெட்டை மடித்து, நாலு எட்டு நடந்து தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போயிருப்பார். குப்பை போட்டீர்களா என்று கேட்டால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்; அதில் பொய்யும் இருக்காது. ராத்ஜேயின் பீர்க்காரர்களை மடக்கிய முறை இவரிடம் செல்லாது.

நேர்மாறானது பேப்பர் கப். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் ஒன்று. அந்த உத்தரவு செம்பருத்திப் புதர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கப்பை யாரும் நடைபாதை நடுவில் எறிவதில்லை. நசுக்கி, இரண்டாக மடித்து, சிமெண்டு பெஞ்சின் இடுக்கில் செருகுகிறார்கள், அல்லது புதருக்குள் கைவிட்டு ஆழமாக வைக்கிறார்கள். ஒளித்து வைக்கத் தெரிந்தவனுக்குத் தப்பும் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் வெட்கமே போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை அந்தப் புதருக்குள் கைவிட்டுப் பார்க்கலாம். சிகரெட் துண்டுக்கு இந்தக் கூச்சமும் கிடையாது. பஞ்சுபோல் இருக்கும் அதன் வடிகட்டி செல்லுலோஸ் அசிடேட் என்கிற பிளாஸ்டிக் என்று தெரியாமல், மக்கிப்போகும் என்ற தைரியத்தில் காலால் தேய்த்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்தது துறையையே பிளந்த விவாதம்: பூங்காவை முழுக்கச் சுத்தம் செய்யலாமா? குப்பை கிடக்கிற இடத்தில்தான் மேலும் குப்பை விழும் என்று ராபர்ட் சியால்டினி குழுவினர் 1990இல் வெளியிட்ட சோதனைகளில் காட்டினார்கள். இவரும் அரிசோனாக்காரர்தான், அந்த மாகாணத்துக்கும் குப்பைக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ. ஒரு சோதனையில், மாணவியர் விடுதியில் தபால் பெட்டிகள் இருக்கும் இடத்தில், தின்று தீர்த்த தர்பூசணித் தோல் ஒன்றை மட்டும் போட்டு வைத்தார்கள். துப்புரவாக இருந்தபோது விழுந்ததைவிடக் குறைவான குப்பையே அப்போது விழுந்தது. ஒற்றைத் தோல் உறுத்துவதால், மற்ற இடமெல்லாம் சுத்தம் என்பது கண்ணில் படுகிறதாம். குழந்தை கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டுக்கு அரிசோனாவிலிருந்து சான்று கிடைத்துவிட்டது. ஆனாலும் தர்பூசணித் தோலை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகும் துணிச்சல் எந்தத் தன்னார்வலருக்கும் வரவில்லை.

வேடிக்கை பார்ப்பவர்கள் தனி இனம். குனிந்து பொறுக்குகிறவரைப் பார்த்து, "எந்த டிபார்ட்மெண்ட்ல ரிட்டயர் ஆனீங்க?" என்பது ஒரு பிரிவு, "கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு போட்டா போதுமே சார்" என்பது இன்னொன்று. சில வாரங்களில் மூன்றாவது பிரிவு உருவாகிறது. வேர்க்கடலை தின்றபடி எதிரே வந்த ஒரு பெரியவர், காலிப் பொட்டலத்தைச் சாக்கின் வாயைத் தேடி நேராக உள்ளேயே போட்டார். தரையைத் தொடாமலேயே குப்பை சேர்ந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் இது வெற்றி என்று பதிவாகும் நேரம். பெரியவர் இரண்டடி போய்த் திரும்பி, கை நீட்டிக் காட்டினார்.

"அந்த வேப்பமரத்தடியில ரெண்டு கப்பு கெடக்கு தம்பி. அதையும் விட்டுடாதீங்க."