தோற்றவர் அள்ளும் மண்

கேள்வி: ஜப்பானில் ஒரு பேஸ்பால் மைதானத்தைக் கோயில் மாதிரிக் கொண்டாடுகிறார்களாமே? நம்மிடம் அதற்கு ஈடு உண்டா?
– விசைத்தறிக்கார வாசகர், சோமனூர்

பதில்: அது கோஷியன், ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் தாய்வீடு. 1924 ஆகஸ்ட் 1 அன்று திறந்தார்கள். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை இருப்பதுபோல அவர்களுக்கும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. அதன் முதலாண்டின் பெயர்தான் மைதானத்துக்கு. போர்க்காலத்தில் இரும்பு வேண்டுமென்று கூரையையே கழற்றினார்கள். மண்ணை மட்டும் யாராலும் கழற்ற முடியவில்லை! பள்ளிகளுக்கான போட்டியில் தோற்ற பையன்கள் மண்டியிட்டு, கண்ணீரோடு அந்தக் கறுப்பு மண்ணை இரு கையாலும் அள்ளிப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

நம் ஈடு சேப்பாக்கம். 1952-இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அங்கேதான்; வினூ மன்கட் எடுத்தது 12 விக்கெட். 1986-இல் கொதிக்கும் வெயிலில், வாந்தி எடுத்தபடியே டீன் ஜோன்ஸ் 210 ரன் குவித்தார். ஆட்டம் 'டை' ஆனது.

சோமனூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பாவு ஓடினால்தான் துணி, பையன்கள் ஓடினால்தான் மைதானம். உங்கள் ஊர்ப் பள்ளித் திடலை வண்டி நிறுத்துமிடமாக விட்டுவிடாதீர்கள்; அங்கேயும் அள்ளிப்போக மண் இருக்கட்டும்.