முட்டுச்சந்து நிபுணர்

தருமபுரி நான்கு ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பென்னாகரம். நம் மேப்புக்காரரின் பைக்கில் பின்னால் ஏறினால், போய்ச் சேரும்போது மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்திருக்கும். அவருக்கு வழி தெரியாது என்று நினைக்காதீர்கள். மாவட்டத்தில் அவரளவுக்கு வழி தெரிந்த ஆள் கிடையாது. தெரியாத வழி ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது என்பதுதான் வியாதி. இண்டூர் பக்கம் ஏதோ ஒரு மண்தடம் கண்ணில் படும். "இது இன்னும் மேப்புல ஏறலை" என்று முணுமுணுப்பார். வண்டி திரும்பிவிடும். தடம் இரண்டு வளைவு வளைந்து, ஒரு சாணிக்குழியைச் சுற்றி, யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் போய் நிற்கும். வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்புவார்கள். இவருக்கு முகமெல்லாம் பல். "முட்டுச்சந்துங்க! இனிமே ஒருத்தரும் ஏமாந்து இதுக்குள்ள வரமாட்டாங்க பாருங்க." அந்தக் கொட்டகைக்குள் ஏமாந்து நுழைய உலகமே வரிசையில் நிற்பதாக நினைப்பு. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் கெண்டைக்கால் அருகே ஒரு நாய் வந்து நிற்பதைக் கவனிக்கமாட்டார்; நாய் மேப்பில் ஏறாது.

இந்த ரகத்து ஆசாமி ஊருக்கு ஒருவர் தேறுவார். பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார், மின்வாரியத்தில் இருப்பார், கொரோனா காலத்தில் லேப்டாப்புடன் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பியவராகவும் இருப்பார். அடையாளம் சுலபம். பைக் ஹேண்டில்பாரில் போன் மாட்டும் கிளிப், சட்டைப்பையில் பவர் பேங்க். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு வாங்கி, கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு, போனை அதில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வருவார். சாட்டிலைட் கிடைக்க வேண்டுமாம். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணோம் என்றால், மண்டபத்துக்குப் பின்பக்கம் இன்னொரு கேட் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார் என்று பொருள். அவர் வீட்டம்மாவுக்கு அரூரில் தாய்வீடு. ஒரு தடவை போன வழியில் மறுதடவை போனதில்லை. "எங்கம்மா வீடு இருந்த எடத்துலதான் இருக்குது. இவருக்குத்தான் ரோடு மாறிக்கிட்டே இருக்குது" என்பார் அந்த அம்மாள்.

எதற்காக இதெல்லாம் என்று கேட்டுவிடாதீர்கள், உட்கார வைத்துவிடுவார். சுருக்கமாக நானே சொல்லிவிடுகிறேன். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் தொடங்கியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அங்கே அரசாங்கத்தின் வரைபடத் தரவை எடுத்தாள ஏகப்பட்ட காசு கொடுக்க வேண்டியிருந்தது. போனால் போகிறது, தெருத்தெருவாக நாமே நடந்து வரைந்துகொள்வோம் என்று கிளம்பினார். காலமும் கைகொடுத்தது. பொதுஜனத்தின் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம்தான் நிறுத்தியிருந்தது. அதற்கு முன்பு நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் கணக்கில் நம்மூர் மாரியம்மன் கோவில் ஏரிக்குள் மிதக்கும். இப்போது இந்த மேப்பை உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம், எடுத்துக்கொள்ளலாம். பேஸ்புக்கும் அமேசானும்கூட எடுத்துக்கொள்கின்றன. வரைந்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. "சம்பளம் இல்லியா? அப்ப எந்தக் கட்சி?" என்பதுதான் டீக்கடையின் அடுத்த கேள்வி.

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே அளக்க வந்தவன் சும்மா திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. 1792-இல் திப்புவிடமிருந்து நம் பக்கத்துப் பாராமகால் சீமை கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீட் வந்தார், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ வந்து தருமபுரிச் சீமையில் ஏழு வருஷம் இருந்தார். நிலத்தை அளந்தார்கள், வரி போட்டார்கள். அது பழைய கதை என்றால் 2018 இருக்கிறது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கமாக. அதிகாரிகள் வயலில் கல் நட்டார்கள், ஜனங்கள் பிடுங்கிப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கல் திரும்ப வருமா வராதா என்று ஜனங்கள் வரப்பையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊரில், போனைக் குனிந்து பார்த்தபடி ஓர் ஆள் தென்னந்தோப்பு ஓரமாகப் பொடிநடையாக வருகிறார்.

"யாரு சாமி நீ? கல்லு நடறவனா?"

"இல்ல ஆயா, மேப்பு வரையறேன்."

"அவனும் அதத்தான் சொன்னான்."

"நான் ரோட்ட மட்டுந்தான் ஆயா வரையறேன். உங்க நெலத்துக்கும் எனக்கும் சம்மந்தமே இல்ல."

"அட, ரோட்டுக்குத்தானேடா நெலத்த எடுக்கறானுங்க!"

இதற்குப் பதில் சொல்ல இன்னும் ஒரு சாட்டிலைட் கண்டுபிடிக்கவில்லை.

போலீசுக்கு மட்டும் பதில் தயாராக வைத்திருக்கிறார். வரைபடம் போட இந்தியர்கள் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று மத்திய அரசு 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி விதியைத் தளர்த்தியது. அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறார். யாராவது நிறுத்தினால் ஆர்.சி. புக்குக்கு முன்னால் அதைத்தான் நீட்டுவார். போலீஸ்காரர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது சரி, ஹெல்மெட் எங்க?" என்பார்.

சந்தேகத்தைக்கூடச் சமாளித்துவிடுவார். ஜனங்களின் ஞாபகத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தலையாய விதி, இன்று தரையில் இருப்பதை மட்டும் வரைய வேண்டும் என்பது. நம் ஜனங்களோ இல்லாததை வைத்தே வழி சொல்கிறவர்கள். "புளியமரத்தாண்ட எறங்கி, பழைய டாக்கீஸத் தாண்டி, வாத்தியார் கடைக்கு அந்தாண்ட திரும்புங்க." ரோட்டை அகலப்படுத்தியபோதே மரம் போயிற்று. டாக்கீஸ் கல்யாண மண்டபமாகி, மண்டபமும் இப்போது இரும்புக்கடை. வாத்தியார் காலமாகி, கடை இருந்த இடத்தில் அவர் பேரன் காம்ப்ளெக்ஸ் கட்டிவிட்டான். இருந்தும் கண்டக்டர் "புளியமரம்லாம் எறங்கு" என்கிறார், ஜனங்களும் சரியாக இறங்குகிறார்கள். நிறுத்தத்துக்குப் புளியமரம் என்று பெயர் போடலாம், மரத்தை வரையக் கூடாது என்று இவர் ஒரு தீர்வு கண்டு, அதை நிறுத்தத்தில் நின்ற பெரியவர் ஒருவரிடம் விளக்கியும் பார்த்தார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மரம் இல்லாம எப்படித் தம்பி புளியமரம்னு தெரியும்?" என்றாராம்.

தெருப்பெயர் கதை இன்னும் மோசம். பலகையில் ஒரு தலைவர் பெயர். வீட்டுவரி ரசீதில் நம்பர் மட்டும். தண்ணீர் பிடிக்க வந்த பெண்களைக் கேட்டால், "கோவில் சந்துங்க". அவர் மேப்பில் பெயருக்கு ஒரு கட்டம், இன்னொரு பெயருக்கு ஒரு கட்டம், பழைய பெயருக்கு ஒரு கட்டம் என்று வசதி உண்டு; மூன்றையும் நிரப்பிவிட்டுத் திரும்பும்போது நாலாவது பெயருடன் ஒருவர் துரத்திக்கொண்டு வருவார். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றித் தமிழக அரசு ஆணை போட்டதே, ஞாபகமிருக்கிறதா? மனுஷர் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஊர் ஊராக மாற்ற ஆரம்பித்தார். பாலக்கோட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஆணை வாபஸ்.

ஒன்றை மட்டும் கேலி செய்ய மனம் வரவில்லை. பல மேப்புகளில் ரோடு ஊர் மந்தையோடு நின்றுவிடும். அதற்கு அந்தாண்ட இருக்கும் காலனி வெறும் வெள்ளையாகக் கிடக்கும். இவர் காலனியிலிருந்துதான் ஆரம்பிப்பார். சந்து, தண்ணீர்த்தொட்டி, அங்கன்வாடி, கடைசியில் சுடுகாட்டுப் பாதை. அந்தப் பாதையை அளக்கும்போது மட்டும் யாரும் அவரிடம் கட்சி கேட்பதில்லை. கூடவே நடந்து வருவார்கள். முள்வேலி எங்கே தடுக்கிறது என்று காட்டுவார்கள்.

மலைக்குப் போனால் வேறு சிக்கல். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறிய படத்தைத் தேர்தல் நேரத்து நாளிதழில் பார்த்திருப்பீர்கள். ஒத்தையடிப்பாதை என்றால் நடந்து போகலாமா, சைக்கிள் போகுமா, குதிரை போகுமா என்றெல்லாம் மேப்பில் குறிக்க ஏற்பாடு இருக்கிறது. கழுதையைக் குதிரையோடு சேர்ப்பதா கூடாதா என்று அவர் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தேர்தல் கமிஷன்கூட அதற்காக அவ்வளவு விழித்திருக்காது.

அப்புறம், நாற்காலி மேப்பர்கள். வெளிநாட்டில் எங்கோ உட்கார்ந்து சாட்டிலைட் படத்தின்மேல் கோடு போடுகிறவர்களை இவர் அப்படித்தான் சொல்வார். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு விவசாயி பண்ணைக்குட்டையில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தார். வானத்திலிருந்து பார்த்த புண்ணியவான் அதை நீச்சல்குளம் என்று குறித்துவிட்டார். பக்கத்தில் ராகி அடிக்கும் களம், அது டென்னிஸ் மைதானம். நம்மவர் கொதித்துப் போனார். ஆனால் முழுசாகத் திட்டவும் வாய் வராது. 2010-இல் ஹைட்டி பூகம்பத்தின்போது மீட்புக்குப் போனவர்கள் கையில் இருந்தது இப்படி நாற்காலியில் உட்கார்ந்து வரைந்த மேப்தான். 2015 டிசம்பரில் சென்னை முழுகியபோது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஜனங்கள் குறித்துக் காட்டியதும் இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான். ஆகவே கோபத்தை அடக்கிக்கொண்டு, "அன்பு நண்பரே, அங்கே நீந்த முடியாது, மீன்குஞ்சு விட்டிருக்கிறார்கள்" என்று எழுதிப் போட்டார்.

இத்தனைக்கும் மேல் அவருக்கு உயிரான விஷயம் ஒன்று உண்டு: ரோட்டின் தரம். இந்த மேப்பில் வழவழப்புக்கென்றே எட்டுப் படி இருக்கிறது. பிரமாதம், நன்று, சுமார் என்று இறங்கி, மோசம், படுமோசம், பயங்கரம், படுபயங்கரம், எட்டாவதாகச் 'சக்கரமே போகாது'. நான் கதை விடவில்லை, ஆங்கிலத்தில் இந்த மாதிரியேதான் எழுதி வைத்திருக்கிறார்கள். கார் போனால் இந்தப் படி, ஜீப் போனால் இந்தப் படி, டிராக்டர் மட்டும் போனால் ஏழாவது படி என்று கணக்கு. டிவிஎஸ் எக்ஸ்எல் என்ற வண்டி எந்தப் படியிலும் போகும் என்பது கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரு ஊராட்சியில் இவர் ஏழாவது படி போட்ட செய்தி எப்படியோ தலைவர் காதுக்குப் போய்விட்டது. வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினார்.

"சார், எங்க ரோட்டப் படுபயங்கரம்னு போட்டிருக்கீங்களாமே? அடுத்து எலக்சன் வருது. எதுவா இருந்தாலும் பேசி முடிச்சுக்கலாம்."

"பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க தலைவரே. வாங்க, ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

தலைவர் பைக்கில் பின்னால் ஏறினார். அந்த ரோட்டில் அவர் காரை விட்டு இறங்கிப் பல காலம் ஆகியிருக்கும். பாதி வழியில் ஜல்லி பெயர்ந்த பள்ளத்தில் வண்டி ஒருதரம் உட்கார்ந்து எழுந்தது. அடுத்த ஓடையில் இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். வெள்ளைச் சட்டை செம்மண்ணாகிவிட்டது. மறுகரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சார், இதுக்குக் கீழ வேற படி இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குதுங்க. சக்கரமே போகாதுன்னு."

"அதப் போட்டு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க. பிடிஓ ஆபீசுல காட்டி எஸ்டிமேட் வாங்கிடறேன்."

"முடியாதுங்க. டிராக்டர் போகுதே. இருக்கறதத்தான் போடணும்."

தலைவர் ஓடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரிங்க சார். டிராக்டர் கவுந்ததும் போன் பண்றேன்."