புரோகிராம் அண்ணாச்சியின் குறைப் பட்டியல்

தூத்துக்குடியில் குறை சொல்ல விஷயத்துக்குப் பஞ்சமில்லை. உப்பு விலை இருக்கிறது, குழாயில் வராத தண்ணீர் இருக்கிறது, சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரிகள் இருக்கின்றன. இத்தனையையும் விட்டுவிட்டுத் தன் சட்டைப்பையில் கிடக்கும் கால்குலேட்டரைப் பற்றி மட்டும் ஆயுள் முழுக்கக் குறை சொல்லும் ஒரு ரகம் இங்கே உண்டு. புரோகிராம் அண்ணாச்சி என்று அவரை அழைப்போம். துறைமுகத்தில் கப்பல் சரக்கை அளக்கும் சர்வேயராக இருப்பார், அல்லது கட்டுமான என்ஜினியராக இருப்பார், இரண்டில் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம். அடையாளம் ஒன்றுதான்: பேனாவுக்குப் பக்கத்தில் புரோகிராம் எழுதக்கூடிய ஒரு கால்குலேட்டர், அதன் உறைக்குள் நாலாக மடித்த ஒரு தாள். அந்த மெஷினில் எதெல்லாம் இல்லை என்ற பட்டியல் அந்தத் தாளில் இருக்கும். “சாமான் எப்படி அண்ணாச்சி?” என்று தெரியாமல் கேட்டுவிட்டால், “நல்ல சாமான்தான் வே, ஆனா...” என்று ஆரம்பிப்பார். அந்த ‘ஆனா’ முடிவதற்குள் இரண்டாவது டீயும் ஆறிவிடும்.

பார்க்கிறவர்களுக்கு இது வெறும் நச்சரிப்பு. பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் அப்படித் தள்ளிவிட முடியாது. கேசியோ எஃப்எக்ஸ்-3650பி என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். நான்கு புரோகிராம் வைக்கலாம், நான்குக்கும் சேர்த்து 360 ஸ்டெப். எண்களைப் போட்டு வைக்க ஏ, பி, சி, டி, எக்ஸ், ஒய், எம் என்று ஏழே ஏழு இடம். புரோகிராம் ஓடும்போது வார்த்தை எதுவும் சொல்லாது. கேள்விக்குறியைக் காட்டிக்கொண்டு நிற்கும். எதைக் கேட்கிறது என்பதை எழுதியவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். எச்பி நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த 35எஸ் பெரிய இடத்துப் பிள்ளை. நினைவகம் சுமார் 30 கிலோபைட் என்றார்கள். ஆனால் புரோகிராமுக்குப் பெயர் வைக்க ஏ முதல் இசட் வரை ஒற்றை எழுத்துதான். இருபத்தாறோடு எழுத்து தீர்ந்துவிடும், இடம் மிச்சம் கிடக்கும். கம்ப்யூட்டரோடு இணைக்க வழி கிடையாது. கலப்பெண்ணுக்கு வர்க்கமூல விசையை அழுத்தினால் மறுக்கும். அதையே அரை அடுக்கு என்று சுற்றிவளைத்துக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் போட்டுத் தரும். இதைச் சொல்லும்போது அண்ணாச்சியின் முகத்தில் வரும் ஆனந்தம் குறை சொல்பவருடைய ஆனந்தம் அல்ல. சொந்த மருமகனின் கோணல் புத்தியைச் சபையில் நிரூபித்துவிட்ட மாமனாருடையது.

இத்தனை குறையிலும் உண்மையாக உறுத்துவது எது என்று அவர் வேலையைப் பார்த்தால்தான் புரியும். கப்பலில் எத்தனை டன் நிலக்கரி வந்தது என்பதைத் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று அளந்து கணக்குப் போடுகிறார்கள். இதுதான் டிராஃப்ட் சர்வே. முன்பக்கம் 9.20 மீட்டர், பின்பக்கம் 9.60, நடுவில் 9.48 என்று வைத்துக்கொள்ளுங்கள். முனைகளை மட்டும் சராசரி எடுத்தால் 9.40. ஆனால் கப்பல் வளையும். அதனால் நடு அளவை ஆறு மடங்காக்கி, இரு முனைகளையும் கூட்டி, எட்டால் வகுக்கிறார்கள். அப்போது 9.46 வருகிறது. வித்தியாசம் ஆறே சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ ஐம்பது டன் வேண்டும் என்ற அளவுள்ள கப்பலானால், அந்த ஆறு சென்டிமீட்டர் 300 டன். இதற்கு மேல் கப்பலின் சாய்வுக்கு இரண்டு திருத்தம், கடல்நீரின் அடர்த்திக்கு ஒரு திருத்தம், பிறகு பாலஸ்ட் தண்ணீர், எண்ணெய், குடிநீர் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கடைசியில் வரும் எண்ணை சர்வேயர் மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது, கப்பலின் சீஃப் ஆபீசரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கேட்பது, “எப்படி வந்தது?” என்ற ஒரே கேள்வி. மெஷினுக்கு விடை தெரியும், வந்த வழியைச் சொல்லத் தெரியாது. உள்ளே எழுதியிருப்பதைக் காட்டலாம் என்றால், ஒவ்வொரு வரியாக நகர்த்தி, ‘பி’ என்றால் பின்பக்கம், ‘சி’ என்றால் நடுப்பக்கம் என்று அண்ணாச்சி பக்கத்தில் நின்று உரை சொல்ல வேண்டும்.

இந்தக் கரையில் கணக்கு என்பது எப்போதுமே இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற காரியம். முத்து வியாபாரத்தில் செவ்வு என்று ஒரு கணக்கு இருந்தது. ஓட்டை போட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துத் தரம் பிரித்த முத்துகளின் எடையை மஞ்சாடி என்ற பழைய நிறுத்தலளவில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, முக்காலாக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு. நாலு மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்துக்குப் பன்னிரண்டு செவ்வு. அதே நாலு மஞ்சாடி நாலு முத்தாகச் சிதறினால் மூன்றே செவ்வு. பெரிய முத்து அரிது என்ற உண்மையை ஒரு வரியில் அடக்கிய புரோகிராம் இது. வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். செவ்வுக்கு என்ன விலை என்பதை மட்டும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். விலைதான் மறைவு, வாய்பாடு ஊரறிந்தது. கால்குலேட்டர் செய்த காரியம் இதைத் தலைகீழாக்கியதுதான்: விடை திரையில் பளிச்சென்று தெரிகிறது, வாய்பாடு துண்டுக்குள் போய்விட்டது. 1961-க்குப் பிறகு இங்கே சொல்லிக்கொள்ளும்படியான முத்துக்குளிப்பு இல்லை. அண்ணாச்சியும் செவ்வு போட்டவரல்ல. ஆனாலும் அவர் பட்டியலின் முதல் மூன்று வரிகள், அதாவது பெயர் வைக்க எழுத்து, கேள்வி கேட்க வார்த்தை, புரோகிராமை வெளியே எடுக்க ஒரு வழி, மூன்றும் அந்தப் பழைய வெளிப்படைத்தன்மையைத்தான் கேட்கின்றன.

போன் இருக்கிறதே, எக்செல் இருக்கிறதே, இன்னும் ஏன் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பார்கள். கப்பல் அலுவலகத்தில் எக்செல்தான் ஆள்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாரோ எப்போதோ எழுதி, பூட்டு வேறு போட்டு, கை மாறி வந்த எக்செல் தாளும் துண்டுக்கடியில் இருக்கும் கணக்குதான். போனோ உச்சி வெயிலில் திரை தெரியாது, வியர்த்த விரலுக்கு வழுக்கும். அழுத்தினால் அழுந்தியது என்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்பது ஆடம்பரம் இல்லை. என்ஜினியரிங் படித்தவர்கள் எழுதும் கேட் தேர்வில் திரைக்குள் இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டியவர்களைக் கேளுங்கள். வாய்பாடு தெரிந்தவர் பேப்பரிலேயே போட்டுவிடலாமே என்று இன்னொரு கட்சி. அண்ணாச்சி அதையும் செய்கிறார். முதலில் பேப்பரில் போடுவார், பிறகு மெஷினில். இரண்டும் ஒத்துப்போனால் தனக்கு மார்க், ஒத்துப்போகாவிட்டால் மெஷினுக்குக் குறை. இது அநியாயம்தான். ஆனாலும் ஒரு கணக்கு இரண்டு வழியாக வந்தாகிவிட்டது; மெஷினை அப்படியே நம்புகிற இளைஞரிடம் அது நடப்பதில்லை.

பட்டியலின் பிற்பகுதிக்கு நாம் பொறுப்பில்லை. இருட்டில் எரிய டார்ச் வேண்டுமாம், தேதி காட்ட வேண்டுமாம், உறையில் பேனா செருக இடம் வேண்டுமாம். அலாரம் வேறு வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அப்புறம் கையில் கட்டியிருக்கும் வாட்ச் எதற்கு?