காபிக் கறை வச்ச கிறுக்கல்

என்னலே பேராண்டி, டிசைனர்னா சும்மாவா? கறுப்பு அட்டை நோட்டு, உள்ள பால்வெள்ளைத் தாளு, அடையாளத்துக்கு ரிப்பன் வேற. ஆறு மாசமா மொதப் பக்கத்துல உன் பேரு மட்டுந்தான் இருக்கு. வரைஞ்சா நோட்டு அழுக்காயிருமாம்! பின்ன எதுக்குல வாங்குன, பூசை பண்ணவா?

இத விடக் கூத்து ஒண்ணு பாத்தேன். லோகோவ கம்ப்யூட்டர்ல முடிச்சுக் குடுத்துட்ட. காசும் வாங்கியாச்சு. அப்புறம் ராத்திரி உக்காந்து, முடிஞ்ச படத்துக்குப் பென்சில்ல 'ஆரம்பக் கிறுக்கல்' போடுத. ரெண்டு கோட்ட வேணும்னே கோணலா இழுக்குத. ஓரத்துல டம்ளர வச்சு காபிக் கறை வேற! எப்படியெல்லாம் யோசிச்சேன்னு போர்ட்ஃபோலியோவுல காட்டணுமாம். புள்ள பொறந்த பொறவு வளைகாப்பு நடத்துறவன் நீ ஒருத்தன்தாம்ல.

நெசமான கிறுக்கல் எப்படி இருக்கும்? நியூயார்க்குல மில்டன் கிளேசர்னு ஒருத்தரு. 1976 வாக்குல, அந்த மாகாணத்துக்கு நாலு பேரு சுத்திப் பாக்க வரணும்னு ஒரு சின்னம் கேட்டாக. ஒண்ணு குடுத்தாரு, அவுகளும் சரின்னுட்டாக. அதோட விட்டாரா மனுசன்? டாக்சியில போகையில, கையில கெடச்ச கவர்ல செவப்பு மெழுகுப் பென்சிலால ஒரு எழுத்து, ஒரு இதயம், பொறவு ரெண்டு எழுத்துன்னு கிறுக்கினாரு. பழச விடுங்க, இது தேவலைன்னு விடாப்பிடியா நின்னாரு. இன்னைக்கு அது இல்லாத சட்டை உண்டா? அந்தக் கிழிஞ்ச கவர அவுக ஊரு நவீனக் கலை அருங்காட்சியகம் பத்திரமா வச்சிருக்கு. இத்தனைக்கும் அவரு காசே வாங்கல. அத மட்டும் நீ படிச்சுக்காத.

சூசன் கேர் அம்மாவும் அப்படித்தான். மேகின்டாஷ் கம்ப்யூட்டருக்குப் போட்ட சின்னச் சின்னப் படங்களக் கட்டம் போட்ட நோட்டுலதான் மொதல்ல வரைஞ்சு பாத்தாக. 32-க்கு 32 கட்டம், அவ்வளவுதான்.

அம்புட்டு தூரம் எதுக்கு? உங்க ஆச்சி கோல நோட்டப் பாரு. மார்கழிக்கு முன்னாலயே இடுக்குப் புள்ளி 15 வச்சு, 8 வரைக்கும் எறக்கி, கம்பி இழுத்துப் பாப்பா. எங்கயாவது ஒரு புள்ளி தனியா முழிச்சிட்டு நிக்கும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்து, "மதினி, இங்க ஒரு சுழிய விட்டுட்டீகளே"ம்பா. நோட்டுல சொன்னா ரப்பர் போதும். விடியக்காலம் வாசல்ல வந்து சொன்னா?

நீ என்னடான்னா, எல்லாத்தையும் பளபளன்னு தேச்சுட்டுத்தான் காட்டுவேன்னு நிக்க. பளபளன்னு இருக்கத எவன் குறை சொல்லுவான்? "நீலத்த கொஞ்சம் கூட்டுங்க"ன்னுட்டுப் போயிருவான். பென்சில்ல காட்டிப் பாரு, "கடை பேரையே வாசிக்க முடியலையே"ன்னு அன்னைக்கே வாயத் தொறப்பான். அதுக்காகக் கண்டவன்கிட்டயும் நீட்டாத. அரைகுறையப் பாத்து அட்வான்சத் திருப்பிக் கேக்குற ஆளும் உண்டு.

தள்ளுபடி ஆனதையும் தேதி போட்டு வையி. மூணு மாசங் கழிச்சு அந்த ஆளே வருவான். "மொதல்ல ஒண்ணு காட்டுனீங்களே தம்பி, அதுவே நல்லா இருந்துச்சு"ம்பான். டெலீட் பண்ணிட்டேன்னு தலையச் சொறிவியா? நோட்டப் பெரட்டி எடுத்துக் குடு. கூடவே புது பில்லையும் குடு.